இரண்டு இருநூற்றுப் பன்னிரண்டு

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள். எனக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது. காலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டால் போதும், கீழே முட்டை இருக்கிறது. முப்பது.

பேச்சுக் கொடுத்துத் தொந்தரவு செய்வேனோ என்று பயப்படாதீர்கள். நான் பேசுகிற ஆள் இல்லை. பக்கத்து சீட்டுக்காரரிடம் மணி என்ன என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சம். அதனால்தான் வாட்ச் கட்டியிருக்கிறேன். கரூரிலிருந்து வெள்ளியம்பாளையம் போக இந்த டவுன் பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம். போன தடவை ஐம்பத்து மூன்று. அதற்கு முந்தின தடவை நாற்பத்தொன்பது.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். கேட்கவில்லையா? மடியில் இருக்கிற பையை இரண்டு தடவை பார்த்தீர்கள். அது கேட்ட மாதிரிதான்.

இது கபடி அட்டை ஆல்பம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனி. பேர் சொல்ல மாட்டேன், யாரையும் குறை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒரு பாக்கெட் மிட்டாய் வாங்கினால் உள்ளே இரண்டு அட்டை இருக்கும். அட்டையில் ஒரு கபடி விளையாட்டுக்காரன் படம். பின்னால் திருப்பினால் அவன் உயரம், எடை, எத்தனை ஆட்டம், எத்தனை புள்ளி எல்லாம் போட்டிருக்கும். மொத்தம் நூற்றிருபது அட்டை. நூற்றிருபதும் சேர்த்தால் என்ன தருவார்கள் என்று கேட்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஒன்றும் தர மாட்டார்கள். நூற்றிருபதும் சேர்ந்திருக்கும். அது போதாதா?

எனக்குக் கபடி பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினால் எனக்கு நெஞ்சை அடைக்கும். எனக்குப் பிடித்தது எண்ணிக்கை. நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முப்பத்தெட்டு வருடம் முட்டை எண்ணியிருக்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் எண்ணுவதில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. ஒரு ட்ரேயில் முப்பது. ஏழு ட்ரே அடுக்கினால் ஒரு பெட்டி. பெட்டிக்கு இருநூற்றுப் பத்து. முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு முட்டை கூடுதலாகவும் போனதில்லை, குறைவாகவும் போனதில்லை. உடைந்தது வேறு கணக்கு.

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் தென்னை மரம் நான்கு. எத்தனை தடவைதான் எண்ணுவது. அப்போதுதான் இந்த அட்டை கண்ணில் பட்டது. மிட்டாய் நான் தின்பதில்லை, பல் தாங்காது. என் வீட்டுக்காரி பாவாயிக்கு சர்க்கரை. அதனால் மிட்டாயை எல்லாம் எதிர்வீட்டு டெய்லருக்குக் கொடுத்துவிடுவேன். முதலில் சந்தோசமாக வாங்கிக்கொண்டார். நூறு பாக்கெட் தாண்டிய பிறகு நான் தெருவில் இறங்கினாலே கதவைச் சாத்திக்கொண்டார். நல்ல மனிதர், அதைக்கூடச் சத்தம் வராமல்தான் சாத்துவார்.

பதினொரு மாதத்தில் நூற்றுப் பத்தொன்பது சேர்ந்துவிட்டது. ஆல்பத்தில் பக்கத்துக்கு ஆறு பை, இருபது பக்கம். எல்லாம் நிறைந்துவிட்டது. பதிமூன்றாம் பக்கம் ஐந்தாவது பை மட்டும் காலி. எழுபத்தேழாம் எண். அந்த ஒரு பையைப் பார்த்தால் முன்பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். இதோ பாருங்கள். தொடாமல் பாருங்கள்.

எழுபத்தேழு கவியரசு. கேள்விப்பட்டிருப்பீர்கள், ஐந்து பேர் பிடித்தாலும் ஐந்து பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொடுகிற பையன். அவன் அட்டை மட்டும் சாதாரண அட்டையாக வராது. அவன் கையெழுத்துப் போட்ட அட்டையாகத்தான் வரும், மொத்தமே ஐநூறுதான். சரி, வரட்டும். போன வருடம் ஜனவரி மூன்றாம் தேதி நான் பிரித்த பாக்கெட்டில் வந்தது. ஆனால் அட்டை வரவில்லை. சீட்டு வந்தது.

சீட்டில் என்ன எழுதியிருந்தது என்றால், வாழ்த்துகள், உங்களுக்குக் கவியரசு கையெழுத்திட்ட அட்டை கிடைத்திருக்கிறது, ஆனால் அவர் இன்னும் கையெழுத்திடவில்லை, இந்த எண்ணைச் சுரண்டிப் பதிவு செய்தால் நூற்றிருபது நாளில் வீட்டுக்கு வரும் என்று. நீங்களே சொல்லுங்கள். முட்டை வாங்கப் போனால், உங்களுக்கு முட்டை கிடைத்துவிட்டது, கோழி இன்னும் இடவில்லை என்று சீட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா? நான் வாங்கிக்கொண்டேன். பதிவும் செய்தேன்.

நூற்றிருபதாம் நாள் மே இரண்டாம் தேதி. அன்றைக்குக் காலையிலேயே சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். கூரியர்க்காரர் வந்தார். டெய்லருக்கு ஊசி வந்தது. எனக்கு ஒன்றும் இல்லை.

கம்பெனிக்குப் போன் செய்தேன். நிவேதா என்று ஒரு பெண் எடுத்தாள். எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது என்பதால் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்து வாசித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்னும் பதினைந்து நாள் ஆகும் சார் என்றாள். பதினைந்து நாள் கழித்துச் செய்தேன். மறுபடியும் பதினைந்து நாள். அப்புறம் பதினைந்து நாள் காத்திருக்காமல் செய்ய ஆரம்பித்தேன். ஆகஸ்ட் வரைக்கும் இருபத்து மூன்று தடவை. இருபதாவது தடவையில் எல்லாம் நான் ஹலோ சொல்வதற்கு முன்பே அவள், "எழுபத்தேழுதானே தாத்தா?" என்பாள். சாராக இருந்தவன் எப்போது தாத்தா ஆனேன் என்று குறித்து வைத்திருக்கிறேன். பதினான்காவது அழைப்பில்.

அட்டை சேர்க்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. அறுபத்து நாலு பேர். நானும் இருக்கிறேன், ஆனால் ஒரு வார்த்தை போட்டதில்லை. அதில் எல்லாருக்கும் இதே புலம்பல்தான். ஈரோட்டுக்காரர் ஒருவர், சீட்டுக் கிடைத்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, இப்போது குழந்தைக்குப் பேர் வைத்தாயிற்று என்று எழுதினார். ராசிபுரத்துக்காரர் ஒருவர் அட்டை இனி வராது என்று சீட்டுக்குக் கண்ணாடி ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார். எனக்கு அப்படி விட முடியாது. பை காலியாக இருக்கிறதே.

இருபத்து மூன்றாவது அழைப்பில் நிவேதா வாய் தவறி ஒன்று சொல்லிவிட்டாள். கையெழுத்தை நேராக அட்டையில் போட மாட்டார்களாம். கம்பெனி ஐநூறு வெறும் ஸ்டிக்கரை விளையாட்டுக்காரன் வீட்டுக்கு அனுப்பும். அவன் அதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அதை எடுத்து அட்டையில் ஒட்டுவார்களாம். "நாங்க அனுப்பி எட்டு மாசம் ஆச்சு தாத்தா, அவங்க வீட்ல இருந்து திரும்பியே வரல" என்றாள்.

எட்டு மாதம். ஐநூறு கையெழுத்து. ஒரு நாளைக்கு மூன்று போட்டாலே முடிந்திருக்கும்.

அதனால்தான் நான் போனேன். சண்டை போடப் போகவில்லை. ஸ்டிக்கர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். ஆடிப் பதினெட்டு கழிந்து ஆறாம் நாள், ஒன்பதாம் தேதி, இதே பஸ்ஸில் ஏறி, அவன் ஊர் வெள்ளியம்பாளையத்தில் இறங்கினேன். வீடு தெரிந்துவிட்டது, சுவரில் அவன் தொடை தட்டுகிற படம் பெரிதாக வரைந்திருக்கிறது. ஆனால் உள்ளே போகக் கூச்சம். கேட்டைத் தாண்டி நடந்தேன். திரும்பி வந்தேன். மூன்று சுற்று ஆயிற்று. நாலாவது சுற்றில் உள்ளேயிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஆடு ஏதாச்சும் காணாமப் போயிருச்சுங்களா?"

இல்லைங்க, ஸ்டிக்கர் என்றேன். அதுதான் வாயில் வந்தது.

அவர்தான் கவியரசுவின் அப்பா. பேர் சென்னியப்பன். என் வயதுதான், இரண்டு மாதம் சிறியவர். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கவியரசும் இருந்தான், முழங்காலில் அடிபட்டு ஓய்வில் இருந்தான். நிலைப்படியில் குனிந்துதான் வர வேண்டும், அவ்வளவு பெரிய உடம்பு. ஆனால் அப்பா இருக்கிற இடத்தில் உட்காராமல் தூணோரம் நின்றான்.

விஷயத்தைச் சொன்னேன். சென்னியப்பன் எழுந்து போய் பீரோவைத் திறந்தார். இடுப்புக் கயிற்றில் சாவி. உள்ளே நகைப்பெட்டிக்கு மேலே ஸ்டிக்கர் கட்டு. அப்படியே சீல் பிரிக்காமல் இருந்தது.

அவர் கேட்டது ஒரே கேள்விதான். "வெறும் காயிதத்துல எம்பையனக் கையெழுத்துப் போடச் சொல்றாங்களே, அது எதுக்குங்க?"

பிறகு தன் கதையைச் சொன்னார். முப்பது வருடத்துக்கு முன்னால் பங்காளி ஒருவர், கரண்ட் ஆபீசுக்கு மனு எழுத வேண்டும், நீ கீழே போட்டுவை, மேலே நான் எழுதிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். இவரும் வெற்றுத் தாளில் போட்டிருக்கிறார். மேலே எழுதப்பட்டது மனு இல்லை. கிணற்றில் இவருக்கு இருந்த தண்ணீர் முறை, வாரத்தில் ஒன்றரை நாள், அது பங்காளிக்கு விட்டுக்கொடுத்ததாக ஆகிவிட்டது. ஒரு கையெழுத்துப் போட்டு ஒன்றரை நாள் தண்ணீர் போன வீட்டில் ஐநூறு கையெழுத்து வெறும் தாளில் போடச் சொன்னால் எப்படி என்றார்.

என்ன பதில் சொல்வீர்கள்? எனக்கு அவர் பேசியது அப்படியே மனதுக்குள் போய் உட்கார்ந்தது. நானும் முப்பத்தெட்டு வருடம் லோடு சீட்டில் கையெழுத்துப் போட்டவன். எண்ணாமல் ஒரு சீட்டில் போட்டதில்லை. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்து போவார்கள். அப்படிப்பட்ட ஆள் இன்னொருவர் இந்த ஜில்லாவில் இருக்கிறார் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

கவியரசு தூணோரமிருந்து மெதுவாகச் சொன்னான், "உங்களுக்கு ஒண்ணுதானுங்களே வேணும், ஆல்பத்துல இப்பவே போட்டுத் தர்றனுங்க." ஆல்பத்தில் எப்படி? எழுபத்தேழாம் பைக்கு எழுபத்தேழாம் அட்டைதான் வர வேண்டும். கம்பெனி ஒட்டி, கம்பெனி அனுப்பி, கூரியரில் வர வேண்டும். நாமாகப் பேனாவை எடுத்துக் கிறுக்கிக்கொண்டால் அது சேர்த்ததாகுமா? வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டேன். பையன் கொஞ்சம் குழம்பிப்போய் நின்றான்.

அப்புறம் எனக்குத்தான் ஒரு யோசனை வந்தது. ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? குறுக்கே எழுதுவோம், சிம் கார்டுக்கு மட்டும், கேஸ் இணைப்புக்கு மட்டும் என்று. அதே மாதிரி ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் எதற்கு என்று எழுதிவிட்டால் அது வெறும் தாள் இல்லையே. இதைச் சொன்னதும் சென்னியப்பன் என்னை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடமாக அவர் காத்திருந்த ஆள் மாதிரி பார்த்தார்.

ஸ்டிக்கர் இரண்டு விரல் அகலம். "கபடி அட்டைக்கு மட்டும்" என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்து, "வேறு எதற்கும் செல்லாது" என்பதையும் சேர்க்கச் சொன்னார். நியாயம். தேதி வேண்டும் என்றார். அதுவும் நியாயம். கம்பெனிக்காரன் ஐநூறுக்கு மேல் ஒன்று அடித்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்றார். அதனால் ஒன்றின் கீழ் ஐநூறு, இரண்டின் கீழ் ஐநூறு என்று வரிசை எண்ணும் போட்டேன். இதெல்லாம் போக, கீழே மூலையில் ஒரு சுண்டுவிரல் நகம் அளவுக்கு இடம் மிச்சம் இருந்தது. அதில் கவியரசு கையெழுத்துப் போட வேண்டும். அவன் கையெழுத்து நீளமானது, வழக்கமாகப் பந்தல் போட்ட மாதிரி இருக்கும். பாவம், அதைச் சுருக்கிச் சுருக்கி எறும்பு மாதிரி ஆக்கினான்.

மூன்று நாள் ஆயிற்று. முதல் நாளே திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். சென்னியப்பன் விடவில்லை. வேட்டி கொடுத்தார். நான் எழுதுவேன், பையன் போடுவான், அவர் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துக் கட்டுவார். நடு நடுவே கிணற்றுக் கதை. எங்கள் பண்ணைக் கதையும் ஒன்றிரண்டு சொன்னேன் என்று நினைக்கிறேன். முதல் நாள் சாயங்காலமே அவர் என்னை முட்டைக்காரரே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மூன்றாம் நாள் கூரியரில் போட்டு ரசீது வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

இனி நீங்களே கேளுங்கள் அநியாயத்தை. கம்பெனி அதை ஒட்ட மாட்டேன் என்றது. குரூப்பில் அறிவிப்பு வந்தது. கவியரசு அனுப்பிய ஸ்டிக்கர்களில் யாரோ எழுதி வீணாக்கிவிட்டார்கள், புது ஸ்டிக்கர் அனுப்புகிறோம், இன்னும் நூற்றிருபது நாள் ஆகும் என்று. வீணாக்கிவிட்டார்களாம். ஒரு அடித்தல் இல்லை, ஒரு மசி சிந்தவில்லை. குரூப்பில் அறுபத்து மூன்று பேரும், எவன் அந்தப் புண்ணியவான், கையில் கிடைத்தால் என்ன செய்வோம் தெரியுமா என்று வரிசையாக எழுதினார்கள். ஈரோட்டுக்காரர் எழுதியதை உங்களிடம் சொல்ல முடியாது. பக்கத்தில் பெண்கள் இருக்கிறார்கள். நான் வழக்கம்போல ஒன்றும் போடவில்லை. கம்பெனி செய்த தப்புக்கு நான் ஏன் நடுவில் பேச வேண்டும்?

புது ஸ்டிக்கர் கட்டு வந்ததும் சென்னியப்பன் எனக்குப் போன் செய்தார். மறுபடியும் வெறும் தாளாக அனுப்பியிருக்கிறார்கள் என்றார். பீரோவில் வையுங்கள் என்றேன். வைத்துவிட்டார்.

கடைசியில் கம்பெனிதான் இறங்கி வந்தது. ஐநூறு பேர் சேர்ந்து கத்தினால் என்ன செய்வார்கள். எழுதியது எழுதியபடியே ஒட்டி அனுப்பினார்கள். நவம்பர் ஒன்பது, முந்நூற்றுப் பதினோராம் நாள், எனக்கு அட்டை வந்தது.

எழுபத்தேழாம் எண். கவியரசு பாய்கிற படம். படத்துக்குக் குறுக்கே என் எழுத்து. கபடி அட்டைக்கு மட்டும், வேறு எதற்கும் செல்லாது. மூலையில் எறும்பு. குரூப்பில் எல்லாரும் அவரவர் அட்டையைப் படம் எடுத்துப் போட்டார்கள். கபடிக்காரனுக்கு இவ்வளவு அழகான கையெழுத்தா, அச்சடித்த மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் எழுதினார். ஐந்தாம் வகுப்பில் எனக்கு எழுத்துக்கு ஒரு பென்சில் பரிசு கொடுத்தார்கள், அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அந்த வரியை நான் பதினொரு தடவை படித்தேன்.

அட்டையைப் பைக்குள் போடப் போனேன். பாதி உள்ளே போய்விட்டது. அப்போதுதான் ராசிபுரத்துக்காரர் தன் அட்டையின் படத்தைப் போட்டார். இருநூற்றுப் பன்னிரண்டின் கீழ் ஐநூறு.

என் அட்டையும் இருநூற்றுப் பன்னிரண்டின் கீழ் ஐநூறு.

முதலில் அவருடையது போலி என்று நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். என் எழுத்துதான். அப்படியானால் இருநூற்றுப் பதின்மூன்று எங்கே? இல்லை. உலகத்திலேயே இல்லை. நான் எழுதவே இல்லை.

எப்படி ஆயிற்று என்று இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தேன். சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை. பிறகு புரிந்தது. பெட்டிக்கு இருநூற்றுப் பத்து என்று சொன்னேன் இல்லையா? முப்பத்தெட்டு வருடம் இருநூற்றுப் பத்து ஆனதும் கை நிற்கும், பெட்டியை மூடும், அடுத்த பெட்டி ஒன்றிலிருந்து. அன்றைக்கும் இருநூற்றுப் பத்தில் கை ஒரு மூச்சு வாங்கியது. அதையும் தாண்டி இருநூற்றுப் பன்னிரண்டு எழுதினேன், அந்த நேரம் பார்த்து சென்னியப்பன் மோர் கொண்டுவந்து கிணற்றுக் கதையின் கடைசிப் பாகத்தைச் சொல்ல ஆரம்பித்தார். திரும்ப உட்கார்ந்ததும் மறுபடி இருநூற்றுப் பன்னிரண்டு எழுதிவிட்டு, எழுதியது பதின்மூன்று என்ற நினைப்பில் பதினான்குக்குப் போயிருக்கிறேன். கதையைக் குறை சொல்லவில்லை. நல்ல கதை.

இரண்டு இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது என்று குரூப்பில் தெரிந்ததும் அங்கே ஒரே அமளி. அந்த இரண்டும்தான் ஐநூறிலும் பெரிய அட்டையாம். தப்பு நடந்த அட்டைக்குத்தான் மதிப்பாம். இன்னொரு இருநூற்றுப் பன்னிரண்டு யாரிடம் இருக்கிறது, வெளியே வாருங்கள், என் ஆல்பம் முழுவதையும் தருகிறேன் என்று ஈரோட்டுக்காரர் கெஞ்சினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ட்ரேயில் இருபத்தொன்பது முட்டை இருந்தால் யாராவது கூடுதலாக ஆசைப்பட்டு வாங்குவார்களா? பாவம், அவர்களுக்கும் மனதுக்குள் உறுத்தல் இருக்கும், வெளியில் அப்படிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால் நானே சரி செய்துவிட்டேன். என் அட்டையில் இருநூற்றுப் பன்னிரண்டை ஒரே கோடாக அடித்தேன். மேலே இருநூற்றுப் பதின்மூன்று என்று எழுதினேன். பக்கத்தில் சிறு கையெழுத்துப் போட்டேன். படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன், "பிழை திருத்தப்பட்டது. இனி யாரும் கவலைப்பட வேண்டாம். இப்படிக்கு, அர்த்தநாரி" என்று. இத்தனை நாளில் நான் போட்ட முதல் செய்தி.

அறுபத்து மூன்று பேரும் பார்த்திருக்கிறார்கள், நீல டிக் விழுந்துவிட்டது, ஆனால் பதிலே இல்லை. கால் மணி நேரம் கழித்து ஈரோட்டுக்காரர் அழுகிற முகம் ஒன்று போட்டார். அவ்வளவு நெகிழ்ந்துவிட்டார் மனிதர். ராசிபுரத்துக்காரர் மட்டும் கும்பிடுகிற கை இருபது போட்டார். அவரிடம் இருப்பதுதான் இப்போது ஒரே இருநூற்றுப் பன்னிரண்டு, வரிசை சரியாகிவிட்ட சந்தோசம் போலிருக்கிறது.

இப்போது பைக்குள் போட வேண்டியதுதானே என்பீர்கள். எப்படிப் போடுவது? செக்கில் அடித்து எழுதினால் அதில் கையெழுத்துப் போட்டவர்தானே பக்கத்திலும் போட வேண்டும். என் சிறு கையெழுத்து செல்லாது. கவியரசு போட வேண்டும். அதற்காகப் பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் வெள்ளியம்பாளையம் போனேன்.

சென்னியப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். அட்டையை வாங்கி அரை மணி நேரம் படித்தார். முன்னால், பின்னால், உயரம், எடை எல்லாம். பிறகு பையனைக் கூப்பிட்டார். கவியரசு திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டான். சென்னியப்பன் மறுபடி வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்குதுங்க முட்டைக்காரரே" என்று கொடுத்தார். பஸ் ஹாரன் அடித்தது, வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து பார்த்தால் வருடம் தப்பு. ஜனவரியில் எல்லாருக்கும் வருகிற தப்புதான், பழைய வருடத்தையே போட்டுவிட்டான். அதன்படி பார்த்தால் ஸ்டிக்கர் எழுதுவதற்கு ஏழு மாதம் முன்பே திருத்தம் நடந்திருக்கிறது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே மொட்டை அடித்த மாதிரி.

மறுபடி போனேன். வருடத்தைத் திருத்தினான். சென்னியப்பன் மறுபடி படித்தார். சரியாக இருக்கிறது என்றார். நானும் பார்த்திருப்பேன், ஆனால் புது வெண்டைக்காய்ப் பாத்தியைக் காட்டக் கூட்டிப்போய்விட்டார், அப்புறம் பஸ் வந்துவிட்டது. வீட்டில் வந்து பார்த்தால், வருடத்தைத் திருத்திய இடத்தில் பக்கத்தில் கையெழுத்து இல்லை. திருத்தியவன் போட வேண்டுமா வேண்டாமா?

அதற்குத்தான் இப்போது போகிறேன். போனில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "அப்படிங்களா, அடடா. அப்ப நீங்க வந்துதான் ஆகோணும். ஞாயித்துக்கிழமை வாங்க, கோழி அடிக்கறன்" என்றார். கவியரசு சென்னையில் பயிற்சி முகாமுக்குப் போயிருக்கிறானாம், அடுத்த மாதம்தான் வருவானாம். இருந்தாலும் திடீரென்று வந்தாலும் வருவான், நீங்கள் இருங்கள் என்றார். அது சரிதானே, அவன் வரும்போது நாம் அங்கே இல்லாவிட்டால் என்ன செய்வது. பாவாயி பையில் இரண்டு வேட்டி மடித்து வைத்துவிட்டாள். ஒரு சிறு கையெழுத்துக்கு இரண்டு வேட்டி எதற்கு என்று கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பாலம் வந்துவிட்டது. அடுத்த ஸ்டாப்பில் நான் இறங்க வேண்டும். அந்த முட்டையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். மெதுவாக.

ஒன்றே ஒன்றுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. சென்னியப்பன் கண்ணாடி இல்லாமலே கிணற்றுப் பத்திரத்தைக் கடகடவென்று வாசிக்கிற மனிதர். ஐநூறு ஸ்டிக்கரில் ஒரு புள்ளி விட்டுப்போனால்கூடக் கண்டுபிடித்தார். அப்படிப்பட்டவருக்குக் கண்ணெதிரே வருடம் தப்பாக இருப்பது தெரியவில்லை. அடுத்த தடவை பக்கத்தில் கையெழுத்து இல்லாததும் தெரியவில்லை. இரண்டு தடவையும் கோட்டை விட்டுவிட்டார். வயதாகிவிட்டது, பாவம், கண் போய்க்கொண்டிருக்கிறது. கரூரில் ஒரு கண் டாக்டரிடம் வருகிற வியாழக்கிழமைக்கு அவர் பேரைப் பதிந்து வைத்திருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. மருந்து ஊற்றினால் ஒரு நாள் முழுக்க வெளிச்சம் பார்க்கக் கூடாதாம், யாராவது கூட இருக்க வேண்டும். அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை காட்ட வேண்டும் என்றார்கள். தனியாக அனுப்பினால் போக மாட்டார், நான்தான் வந்து கூட்டிப்போக வேண்டும்.

என்ன செய்வது. அட்டை முடிய வேண்டுமே.